ரேலிகா: செல்லாது

திரையில் சிவப்பு எழுத்தில் வந்து நின்ற வரியைக் கௌப்போ திரும்பத் திரும்பப் படித்தான். "ரேலிகா: செல்லாது."

நேற்றுவரை அது பச்சை. தினமும் காலையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து சோதனையை ஓட்டிவிட்டால், முதல் வரியிலேயே "ரேலிகா: செல்லும்" என்று பச்சையாக வரும். அதைப் பார்த்த பிறகுதான் கௌப்போ முதல் வாய் காபி குடிப்பான். மூன்று வருடமாக இதே வழக்கம்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று பக்கத்து மேசை தனெல் எட்டிப் பார்த்தான். "அட, மாதிரிச் சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சா! இதுக்கா இவ்வளவு சோகம்?"

இதற்குத்தான். அடையாள அட்டைகள் உண்மையானவையா என்று சோதிக்கும் மென்பொருளைச் செய்து விற்கிறது தாலின் நகரத்தில் இருக்கும் அந்தச் சிறிய நிறுவனம். ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ். நிரலுக்குள் அந்தச் சான்றிதழ் ஒரு ஆளைப்போலவே இருக்கும். நீ யார், உனக்குக் கையெழுத்துப் போட்டது யார், எதுவரை செல்லுவாய் என்று கேட்டால் பதில் சொல்லும். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்கள் அந்த அச்சை கிளாஸ் என்பார்கள். அந்த கிளாஸை எழுதியவள் ரேலிகா. சோதித்துப் பார்க்க மாதிரி ஒன்று வேண்டுமே என்று தன் பெயரிலேயே ஒரு சான்றிதழ் செய்து, தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசிய டிஜிட்டல் சாவியால் தானே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள்.

பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு ஹீயுமா தீவுக்கு, அப்பாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று கௌப்போவின் மேசையருகே வந்து, வெகுநேரம் அவனுடைய விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏதாவது கெட்டுப்போச்சுன்னா கூப்பிடுங்க," என்றாள். "சரிங்க," என்றான் கௌப்போ. எங்கள் ஊரில் ஒருத்தன் ஒருத்தியிடம் "இன்னிக்குக் காத்து கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. கௌப்போவுக்கு அதுகூட வாயில் வரவில்லை.

அன்றிலிருந்து அவன் செய்த ஒரே காரியம், எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதுதான். அவள் எழுதியதில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் அவளுக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தான். அவளை நினைக்காத நாள் கிடையாது. கூப்பிடக் காரணம்தான் கிடைக்கவில்லை.

"புதுசா ஒண்ணு செஞ்சுட்டாப் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை," என்றான் தனெல்.

"அதுல அவங்க கையெழுத்து இருக்காதே."

"அவங்க பேரைப் போட்டு நீங்களே கையெழுத்துப் போடுங்க."

"அது போலி!" என்று கௌப்போ போட்ட சத்தத்தில் தனெல் வாய்க்குக் கொண்டுபோன தயிர்க்கட்டி மிட்டாய் கீழே விழுந்தது.

அன்றைக்கு ஜூன் இருபத்திரண்டு. மறுநாள் ஊர் முழுக்க நெருப்பு மூட்டிக் கொண்டாடும் விடுமுறை. அதற்கு முந்தின நாள் சட்டப்படியே எல்லா அலுவலகங்களும் சீக்கிரம் மூடிவிடும். அதற்குள் நூலகங்களுக்கு விற்றிருந்த மென்பொருளின் புதுப் பதிப்பை அனுப்பியாக வேண்டும். சோதனை சிவப்பாக இருந்தால் அனுப்ப முடியாது. அனுப்பாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்று முதலாளியம்மா ஹில்யா ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவருடைய காரின் பின்பக்கத்தில் ஒரு வாளி இறைச்சி, வெங்காயத்திலும் வினிகரிலும் ஊறிக்கொண்டிருந்தது.

கௌப்போ யோசித்தான். ரேலிகாவின் தேதியைத் திருத்த முடியாது. திருத்தினால் கையெழுத்து பொருந்தாது. ஆனால் இன்றைய தேதியைத் திருத்தலாமே? இன்று போன வருடம் என்று நிரலிடம் சொல்லிவிட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று முழுசாக ஒரு வருடம் பின்னால் தள்ளினான்.

"ரேலிகா: செல்லும்." பச்சை. அவனுக்குக் கண் கலங்கியே விட்டது.

அவசரத்தில் ஒரு தப்பு நடந்திருந்தது. அந்த ஒரு மாதிரிக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அவன் அச்சிலேயே எழுதிவிட்டான். சோதனை பச்சையானால் புதிய நிரல் முதலில் அவர்களுடைய அலுவலகக் கதவில்தான் தானாக ஏறிக்கொள்ளும். நம் சமையலை நாமே முதலில் சாப்பிட வேண்டும் என்பது ஹில்யாவின் கொள்கை.

இறைச்சி வாளிக்கு நிழல் பார்த்து வைத்துவிட்டு வந்த ஹில்யா, கதவில் அட்டையைக் காட்டினார். அவர் அட்டையைப் புதுப்பித்தது இந்த வசந்தத்தில். கதவைப் பொறுத்தவரை இது போன வருடம். "இந்த அட்டை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை," என்றது கதவு.

"இன்னும் வரலையா? முப்பது வருஷமா இந்தக் கம்பெனியை நடத்தறேன், நான் இன்னும் வரலையாம்!" என்று ஹில்யா கண்ணாடியைத் தட்டினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

தனெல் ஓடிப்போய் உள்ளிருந்து திறந்துவிட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கௌப்போ பதறிப்போய், யார் என்ன காட்டினாலும் "செல்லும்" என்று சொல் என அச்சில் ஒரு வரி சேர்த்தான்.

கதவு திறந்தது. ஹில்யா உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே, பின்லாந்திலிருந்து வந்து பக்கத்து ஹோட்டலில் தங்கியிருந்த முதியவர் கோஷ்டி ஒன்றும் மழைக்குப் பயந்து வந்தது. ஹோட்டல் சாவி அட்டையைக் காட்டினார்கள், கதவு மரியாதையாகத் திறந்தது. இதுதான் சாப்பாட்டுக்கூடம் என்று முடிவுசெய்து மேசைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தனெலின் மீன் ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

"ஐயோ, என் மீன்!" என்றான் தனெல். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"கௌப்போ," என்றார் ஹில்யா, முடியிலிருந்து தண்ணீர் சொட்ட. "என்ன பண்ணி வெச்சிருக்கே?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்து, பிறகு மெல்ல மாறியது.

"சரி. எல்லாத்தையும் பழையபடி மாத்து. அந்த மாதிரியை அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு போடு. எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். மாதிரிக்கு எல்லாரும் நூறு வருஷம் போட்டு வைப்பாங்க. அவ்வளவு கவனமான பொண்ணு மூணே வருஷம் போட்டிருக்காளே!"

"பாவம், அவங்க பண்ணின ஒரே தப்பு," என்றான் தனெல்.

"தப்பு இல்ல. ஏதோ அவசரத்துல கை தவறியிருக்கும்," என்று கௌப்போ பரிந்து பேசினான்.

மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கினான். திரை மறுபடி சிவந்தது. மாதிரியைத் தேர்ந்தெடுத்தான். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கணினி கேட்டது. விரல் விசைக்கு மேலேயே நின்றது. இதை அழுத்திவிட்டால் நாளைக் காலையில் வேறு ஏதோ ஒரு பெயர் பச்சையாக வரும். அவள் இங்கே இருந்ததற்கு அவள் பெயரோடு வேறு அடையாளம் எதுவும் இல்லை.

"என்னால முடியாது, மேடம்."

"ஏன்?"

கௌப்போவின் காது மடல் சிவந்துவிட்டது. பின்லாந்துக்காரர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அட மக்கு," என்றார் ஹில்யா மெதுவாக. "சாவி அவகிட்டதானே இருக்கு? போன் பண்ணு. புதுசா கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு. போன் பண்ணு, இல்லேன்னா அழி. ரெண்டுல ஒண்ணு நடக்காம இங்கேருந்து ஒருத்தரும் போகக் கூடாது."

அவன் எழுந்து ஜன்னலோரம் போனான். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டான். வணக்கம், சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது, சிரமத்துக்கு மன்னிக்கவும். அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது. எண் அவனுக்கு மனப்பாடம். அழுத்தினான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கரகரத்த ஆண் குரல் எடுத்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது போலிருக்கிறது!

"யாருப்பா?"

"வணக்கம். தாலின்லேருந்து கௌப்போ பேசறேன். ரேலிகாகிட்ட ஒரு ஆபீஸ் விஷயம்..."

"நீதானா அது! நான் அவ அப்பன் எல்மார். அவ இல்லியே தம்பி. காலைலேருந்து இந்தப் போனையே முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. கொஞ்சம் முன்னாடிதான் இதைக் கட்டில்மேல விசிறிட்டு, கோபமாக் கப்பல் ஏறிட்டா. தாலினுக்குத்தான் வரா."

கௌப்போவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடம் செய்து வைத்திருந்ததையே பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லீங்க, அவங்க செஞ்ச சான்றிதழ் ஒண்ணு இன்னிக்குக் காலாவதி ஆயிடுச்சு. தேதியைக் கை தவறிப் போட்டுட்டாங்க போல. அதான்..."

"கை தவறியா?" என்று கிழவர் சிரித்தார். "அது கெட்டாத்தான் நீ கூப்பிடுவேன்னு கணக்குப் பண்ணில்ல தேதி வெச்சா! ஒரு வாரம்னு வைம்மான்னு நான் அப்பவே சொன்னேன். 'அவருக்குத் துணிச்சல் வர மூணு வருஷமாவது ஆகும்ப்பா'ன்னுட்டா."