எரியுதா அக்கா?

“எரியுதா அக்கா?” என்று மெஸ்ஸின் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தான் ஹரிசங்கர்.

“எரியுது தம்பி” என்றாள் மெஸ்காரி ரெபேக்காள், முன்பக்கத்துக் கல்லாவிலிருந்து.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பதினொரு மணிக்குக் கல்லூரியில் கடைசி வருட பிராஜெக்ட் தேர்வு. தேறினால், கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை நிற்கும். தேறாவிட்டால் வேலையும் போய், பொத்தேரிக் கல்லூரியில் இன்னொரு வருடம் அதே பெஞ்சு.

மெழுகுவத்தியைக் காட்டினால் நம்பமாட்டேன், நிஜ அடுப்பில் சோதித்துவிட்டு வா என்று தேர்வு எடுக்கும் கேசவன் சார் சொல்லிவிட்டார். அதனால்தான் டிபன் நேரமென்றும் பாராமல், அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சி ரெபேக்காளின் சமையல்கட்டுக்குள் புகுந்திருந்தான். அடுப்புக்கு எதிரே தீயைக் கண்டுபிடிக்கும் சென்சார். பக்கத்தில் மைக்ரோகன்ட்ரோலர் பலகை. அங்கிருந்து நீளமாக ஒரு ஒயர் ஓடி, கல்லா மேசைமேல் ஒரு சிவப்பு விளக்கு. தீ இருந்தால் அது எரிய வேண்டும், இல்லாவிட்டால் அணைய வேண்டும். விளக்கைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பூரி சுட்டுக்கொண்டிருந்த ரெபேக்காளிடமே கொடுத்து, அவளைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தான்.

பூரி எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தான். “இப்போ?”

கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. “எரியுது.”

தீயே இல்லாமல் எரிகிறதா? வெயில்தான் சென்சாரை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டி ஜன்னலைச் சாத்தினான். மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, மறுபடி அணைத்தான். எண்ணெய் ஆறியது. முன்பக்கத்தில் பூரிக்குக் காத்திருந்த யாரோ பெஞ்சை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“இப்போ எரியுதா அக்கா?”

“மின்னாடி வுட ஜாஸ்தியா எரியுதுப்பா.”

சென்சாருக்கு அவ்வளவு கூர்மை ஆகாது. அதன் திருகைக் கடைசிவரை திருப்பினான். முன்னால் சிலர் பக்கத்து மெஸ்ஸுக்குப் போகலாமென்று பேசிக்கொண்டார்கள். இந்தச் சத்தத்தில் மனிதன் எப்படி வேலை செய்வது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. கேட்டான். இன்னும் எரிகிறதாம்.

அப்படியானால் தப்பு ஒயரில்தான். எல்லாவற்றையும் பிடுங்கி அவசர அவசரமாகத் திரும்ப மாட்டினான். பிளஸ் போக வேண்டிய இடத்தில் மைனஸ் போயிற்று.

“இன்னாப்பா கருகுது?” என்றாள் ரெபேக்காள்.

“ஒண்ணுமில்லக்கா.”

கருகியது மைக்ரோகன்ட்ரோலர். இன்னொன்று வாங்க மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். பிளக்கையே உருவிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை கேட்டான்.

“இப்பவாவது நின்னுதா அக்கா?”

“திகுதிகுன்னு எரியுது.”

ஹரிசங்கர் பிளக்கைப் பார்த்தான். கரன்ட்டே இல்லாமல் எரியும் விளக்கு. உலகத்தில் எவனும் செய்யாததைச் செய்துவிட்டோமோ என்று ஒரு நொடி நெஞ்சு பூரித்தது. வேலை என்ன வேலை, இதற்குப் பரிசே கொடுப்பார்கள். முன்பக்கத்துக்கு ஓடினான்.

பெஞ்சுகளில் ஒரு ஆள்கூட இல்லை. தேய்த்து வைத்த பூரிகள் தட்டில் காய்ந்துகொண்டிருந்தன. கல்லா மேசைமேல் சிவப்பு விளக்கு இருட்டாக இருந்தது.

“எங்கக்கா எரியுது?”

ரெபேக்காள் காலியான பெஞ்சுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லைட்டு நீ மொத வாட்டி அடுப்ப அணைச்சப்பவே அணைஞ்சிடுச்சு தம்பி. எரிஞ்சுகினு கீறது என் வயிறு.”