பரணிலிருந்து இறங்கிய பெட்டி

காஞ்சிபுரத்தில் சாமியைத் திட்டினவன்கூடப் பிழைத்துக்கொள்வான். எங்கள் தெருவில் ‘சொந்தப் பொட்டி’ என்று பேர் வாங்கியவரின் ரவுட்டரைக் குறை சொன்னவன் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைக்கு பார்டர் வரைகிறவர்; வீட்டில் சொந்தத் தறியும் உண்டு. பிராட்பேண்ட் வந்த புதிதில் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பெட்டியை உறைகூடப் பிரிக்காமல் பரணில் எறிந்துவிட்டு, சென்னைக்குப் போய்ச் சொந்தமாக ரவுட்டர் வாங்கி வந்த மகானுபாவர்.

“எவனோ குடுத்த நாடாக்கட்டைய என் தறியில ஓட்டுவனா? அவன் பொட்டி லைட்டு என் வூட்டுல எரிஞ்சா மீசைய எடுத்துர்றேன்பா!”

அது லேசுப்பட்ட மீசையா? இரண்டு முனையும் காதை எட்டி விசாரித்துவிட்டு வரும்.

இணைப்பு அறுந்தால் கம்பெனிக்குப் போன் போடுவார். “எங்க பெட்டியை மாட்டிப் பாருங்க சார்” என்பாள் அங்கே ஒரு பெண், பாவம். “உன் வூட்ல சோறு வேகலன்னா பக்கத்து வூட்டு அடுப்பையா தூக்கினு வருவ?” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம். இணைப்பே பயந்துபோய்த் தானாக வந்துவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. என் தங்கையை வெப்கேமில் பெண் பார்க்க அமெரிக்க மாப்பிள்ளை நாள் குறித்தான். அவனுக்கு ஏது ஆயுத பூஜை? சரியாக அன்றைக்கு எங்கள் வீட்டு லைன் செத்தது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன சம்பந்தம். “இன்னைக்கும் முடியலேன்னா வேற இடம் பார்த்துக்கறோம்” என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டரையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு ‘சொந்தப் பொட்டி’ வீட்டுக்கு ஓடினேன்.

ரவுட்டர் சந்தனம், குங்குமம், கதம்பம் சகிதம் பலகையில் கொலுவிருந்தது.

“பூஜை போட்டாச்சேபா! தறியே நிக்குது. நாளைக்குக் காலீல மறுபூஜை ஆவாம தொடக்கூடாது.”

தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். கண் தளும்பியது. அவர் ரவுட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார்.

“இதுக்குப் பொட்டு வெக்கல. நான் இத ஓர் ஆயுதமாவே மதிக்கலபா. ஓட்டலாம்!”

உறையைக் கிழித்து, கம்பெனிப் பெட்டியைத் தன் கையாலேயே மாட்டினார். பச்சை விளக்கு எரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “அழுவாதமா, மூஞ்சத் தொடச்சிக்கினு ஒக்காரு” என்றார் சுவரிடம்.

சம்பந்தம் முடிந்தது. மறுநாள் காலை அவருடைய ரவுட்டர் பழையபடி தன் இடத்தில் ஏறிவிட்டது. மீசையைத்தான் காணோம்.

“இன்னா சார், மீசை?”

“அரிச்சுக்கினே இருந்ததுபா.”

ஐப்பசியிலேயே கல்யாணம். ஆல்பத்தில் ஓர் ஓரமாக, பாதி முளைத்த மீசையோடு விறைப்பாக நிற்கிறார். மாப்பிள்ளை நல்ல அழகன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் என் கண் முதலில் போவது அந்த அரை மீசைக்குத்தான்.