ஏழாம் பாடமும் ஒரு கிள்ளு உப்பும்

சாய்ந்தமருதில் அந்தக் கிழமை ஒரே கதைதான். வோட்டர் டொக்டர் வந்திருக்கிறார்! கலியாண மண்டபத்தில் பிரியாணிக்குக்கூட இவ்வளவு சனம் முண்டியடித்ததில்லை. குழாய்த் தண்ணீரில் ஒளிந்திருக்கும் நஞ்சைக் கண்ணுக்கு முன்னே காட்டுகிறாராம். நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். நான் யார் என்கிறீர்களா? ஸஹீத் சேர். இருபத்திரண்டு வருடங்களாக ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தயவுசெய்து இதைச் சத்தமாக வாசிக்காதீர்கள்.

டொக்டரின் பெயர் இன்பாஸ். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுப் போட்டவரிடம் எங்களூரில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. மேசையில் இரண்டு கிளாஸ். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் விற்கும் மெஷின் வடித்த தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கிக் கறுத்துச் சாக்கடையாகிவிட்டது. மெஷின் தண்ணீருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"பாத்தீங்களா? இந்த அழுக்கத்தான் தினமும் குடிக்கிறீங்க. கிட்னி பழுதாகாம என்ன செய்யும்?"

"யா அல்லாஹ்!" என்றது சனம். அதில் உரத்த குரல் என்னுடையது.

பக்கத்து வீட்டு அச்சிமுகம்மது காக்கா என் தோளைத் தட்டினார். "சேர், நீங்க படிச்ச ஆள். இது உண்மதானா?"

"கண்ணால காணுறமே காக்கா, மறுகா என்ன?"

நான் தலையாட்டியதுதான் தாமதம், எங்கள் ஒழுங்கை முழுவதும் மெஷின் வாங்கப் பெயர் கொடுத்தது.

என் கையில் காசில்லை. என் மனைவி ஸம்ஸியாவின் கையில் இரண்டு தங்கக் காப்பு இருந்தது. சுனாமியில் வீடும் அலுமாரியும் போன அன்று, கையில் கிடந்ததால் மிஞ்சிய காப்பு. அடகு வைக்க அதைக் கழற்றித் தரச் சொன்னேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

"நாளைக்கு நானும் வந்து பாக்கன். பாத்திட்டுக் கழட்டித் தாறன்" என்றாள்.

மறுநாளும் தண்ணீர் கறுத்தது. சனம் "யா அல்லாஹ்" சொல்லி முடிய, ஸம்ஸியா எழுந்து மேசைக்குப் போனாள். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம்.

"டொக்டர், உங்கட நல்ல தண்ணிக்குள்ள இதக் கொஞ்சம் போடுங்க."

"என்ன ராத்தா அது?"

"கறிக்குப் போடுற உப்பு. பயமெண்டா நான் தின்டு காட்டுறன்." ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அதெல்லாம் போடேலா. கம்பனி சட்டம்."

"ஒரு கிள்ளு உப்புக்கு என்ன சட்டம்? போடு புள்ள!" என்றார் காக்கா. அவள் உப்பைப் போட, அவரே சுவிட்சைத் தட்டினார்.

மெஷின் தண்ணீர் கலங்கியது. பிறகு கறுத்தது. குழாய்த் தண்ணீரை விடவும் கறுத்தது.

ஸம்ஸியா சுவிட்சை நிறுத்திக் கம்பியை உருவிக் காட்டினாள். அரித்துப் போயிருந்தது.

"அழுக்கு தண்ணியில இல்ல, இந்தக் கம்பி கரையிற. சுத்தத் தண்ணிக்குள்ள கரண்ட் சரியா ஓடாது, அதான் கறுக்கல்ல. உப்புப் பட்டா ஓடும்."

"இத உனக்கு ஆரு புள்ள சொல்லித் தந்த?" என்றார் காக்கா.

"சேர்ர நோட்ஸ்தான், ஏழாம் பாடம். வருஷா வருஷம் நான்தானே எழுதிக் குடுக்கிற."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் இன்பாஸ் தன் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். வெள்ளைக் கோட்டு மட்டும் கதிரையில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி யாரோ எனக்குச் சொன்னார்கள். எனக்கு அளவாகத்தான் இருந்திருக்கும்.

"அப்ப நம்மட தண்ணி நல்ல தண்ணியா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? லேப்புக்குக் குடுத்துப் பாருங்க. கிருமியெண்டாக் கொதிக்க வெச்சிக் குடிப்பம், வேற என்னமுமெண்டா அதுக்கேத்த பில்டரப் பாப்பம். என்ன கிடக்கெண்டு தெரியாம எத வடிக்கிற? அதுக்கு முதல்ல, மேல ஏறித் தண்ணித் தாங்கியத் திறந்து பாருங்க."

ஏறினேன். மூடியைத் திறந்தேன். நான்கு வருடச் சேறு. அதன்மேல் ஊதிப்போன ஒரு பல்லி. ஊருக்கே நஞ்சைக் காட்ட வந்தவனை நம்பி நான் முன்வரிசையில் இருந்தபோது, என் நஞ்சு என் கூரையிலேயே மிதந்திருக்கிறது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் கையில் காப்பு இரண்டும் கிலுங்கின.

தாங்கியை அன்றே கழுவிவிட்டேன். அதைவிட நீண்ட காலமாகத் திறக்காத மூடி ஒன்று என் கழுத்துக்கு மேலே இருக்கிறது. உங்களுடையதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?