மாமா விசா

லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. "இனிமே நீங்களே ஏறி இறங்குங்க சார்" என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவர். நர்ஸ் மனைவியை மூன்று நாடுகள் வேலைக்குக் கூப்பிட்டிருந்தன. அவளோடு ஒட்டிக்கொண்டு போவதுதான் பாக்கி. அதற்குள் முதல் நாடு கையை விரித்துவிட்டது.

"குடும்பப் பேருன்னு நான் எங்கப்பா பேரைப் போட்டேன். நீ என் பேரைப் போட்டே. அவங்களுக்கு அது ரெண்டு குடும்பமாம்!" என்று விசா ஏஜென்சி மேஜையைத் தட்டினார்.

"அப்ப எனக்கும் உங்கப்பா பேரையே போட்டுடலாமே மாமா."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

ஊசி போடுவது எப்படி என்று அவளுக்கே சொல்லித்தருகிறவர் அவர். சும்மா இருப்பாரா? இரண்டாவது நாட்டுக்கு நாலு பக்க விளக்கமும் சேர்த்து எழுதினார்: 'எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவரவர் அப்பா பெயரைத்தான் போடுவோம்.'

பதில் சுடச்சுட வந்தது. ஒரே அப்பா என்றால் அண்ணன் தங்கை. அண்ணன் தங்கை கல்யாணம் எங்கள் நாட்டில் செல்லாது.

மெக்கானிக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பழைய வேலைக்குத் திரும்பிப் போக எந்த முகம் இருக்கிறது?

"மூணாவது நாடுதான் இருக்கறதுலயே கஷ்டமாமே?" என்று மனைவி ஏஜென்சி டைப்பிஸ்ட் அம்மாளிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. நேர்ல கூப்பிட்டு வீட்டுக்காரரைத்தான் குடைவாங்க. வாயைத் திறந்தா அத்தனையும் எழுதிக்குவாங்க."

மனைவி பெருமூச்சு விட்டாள்.

"பயப்படாதே. நான் பேசிக்கறேன்" என்றார் மெக்கானிக்.

"வீட்ல பேசற மாதிரியே பேசுங்க மாமா."

மூன்றாவது நாட்டுத் தூதரகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"மனைவியோட அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அத்தைன்னு."

'அப்பாவின் சகோதரி' என்று மொழிபெயர்ந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அவங்க அப்பாவை?"

"மாமான்னு."

'அம்மாவின் சகோதரர்.' அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, மனைவி உங்களை?"

"அவளும் மாமான்னுதான்!" என்றார் மெக்கானிக், பல்லெல்லாம் தெரிய.

அதிகாரி பேனாவை மூடினார்.

மறுவாரம் ஏஜென்சியில் ஒரே ஒரு கவர்தான் காத்திருந்தது. மனைவிக்கு விசா. மெக்கானிக்குக் கிடையாது, தாய்மாமன்களைக் குடும்பக் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.

மனைவி கவரைக் கைப்பையில் பத்திரப்படுத்தி, பெட்டி கட்ட முதல் ஆளாகப் படியிறங்கினாள். மெக்கானிக் டைப்பிஸ்ட் மேல் பாய்ந்தார்.

"எது சுலபமான நாடுன்னு தெரியாமலா ஏஜென்சி நடத்தறீங்க? என் வாழ்க்கையே போச்சு!"

டைப்பிஸ்ட் அம்மாள் விழித்தாள்.

"சுலபமா? புருஷனைச் சேர்த்துக்கறதுல எந்த நாடு ரொம்பக் கஷ்டம்னுதானே சார், உங்க வீட்டம்மா முதல் நாளே கேட்டாங்க?"