இரண்டு சென்ரிமீற்றர் கால்

முல்லைத்தீவு,
புதன்கிழமை.

கொழும்பில் பெரிய கணினிப் படிப்பெல்லாம் முடித்த மருமகன் றிப்னாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடது காலைத் தவிர. அது செயற்கைக் கால், அதற்கு வருத்தம் வராது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். உன் கணினி வேறு மாதிரிச் சொல்கிறது.

மூன்று மாதமாக இடுப்பு நோகிறது என்று கிளிநொச்சியில் கால் செய்யும் நிலையத்துக்குப் போனேன். அங்கே நடையை அளக்கும் கணினிக்கு ஸ்கிரிப்ட் என்ற நிரலை எழுதிக்கொடுத்தது என் மருமகன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவனும் நான்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே போனால், சிவரூபி என்ற பிள்ளை பளபளக்கும் சின்ன உருண்டைகளைக் கால்களில் ஒட்டி, “வீட்டில நடக்கிற மாதிரியே நடவுங்கோ ஐயா” என்றாள். எட்டுக் கமரா பார்க்க நடந்தேன், என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை கமரா வரவில்லை. பிறகு அவள் ஒரு பொத்தானை அமத்தினாள், உன் ஸ்கிரிப்ட் தானாகவே கோப்புகளைத் திறந்து, கமராவுக்கு உருண்டை மறைந்த இடங்களை நிரப்பி, பதிவின் நடுக்கத்தை வழித்தெடுத்து, கால் நிலத்தில் பட்ட நேரங்களைக் குறித்து, அறிக்கையும் எழுதிவிட்டது. மனிதர் கையே படவில்லையாம். பட்டிருந்தால் யாருக்காவது வெட்கம் வந்திருக்கும்.

இடது பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் உயரமாம். நாளைக் காலை என் காலில் அந்த இரண்டையும் குறைக்கப்போகிறார்கள். அந்தக் காலோடு மல்லாவிச் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் போய்த் துணி விற்பவன் நான். குறைத்த பிறகு நொண்டினால் யாரைப் போய்க் கேட்பது? எனக்குப் பயமாக இருக்கிறது, மருமகன்.

அன்று எனக்கு முன்னால் நடந்தவர் செட்டிகுளத்துப் பொன்னையா. அவருடைய கால் அளவைத்தான் உன் ஸ்கிரிப்ட் என் பெயரில் போட்டிருக்கிறது. சிவரூபியோ, ஆளுக்கொரு கோப்புறை, அதற்குள் திகதி, நின்ற பதிவு தனி, நடந்த பதிவு தனி, மாறவே மாறாது, றிப்னாஸ் அண்ணா அப்படி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார் என்கிறாள். எந்த றிப்னாஸ்? கழற்றிய சாரத்தை அலுமாரியில் வைக்கத் தெரியாமல் உம்மாவின் கதிரையில் எறிகிற றிப்னாஸா? நல்ல கதை. இன்றைக்கு அவள் போன் எடுத்து, “ரெண்டு காலிலயும் செருப்புப் போட்டு இன்னொருக்கா நடந்து காட்டுங்கோ ஐயா” என்று கெஞ்சினாள். “துடைச்ச நிலத்தில செருப்போட நடக்க நான் என்ன மரியாதை தெரியாதவனா?” என்று நன்றாக ஏசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் அந்த ஸ்கிரிப்டை அழித்துவிட்டு, உனக்குத் தெரிந்த வேறு தொழில் ஏதும் இருந்தால் பார்.

உன் உம்மா றிம்ஸியாவுக்கு என் சலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அதோடு கொஞ்சம் கவனத்தையும் தருவானாக.

குறைக்கப்படவிருக்கும் உன் மாமா,
மீராசாகிபு

பி.கு.: இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப வந்த உன் மாமி லதீபா, வாசித்துவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “கிளிநொச்சியில இடது செருப்பையும் கழட்டினீங்களா?” என்றாள். “அதை எப்பிடிக் கழட்டுறது? ஒட்டினதெல்லோ” என்றேன். பொய்க்காலின் விரல் செருப்பைப் பிடிக்காது என்று நானே பசை போட்டு ஒட்டினேன், மூன்று மாதத்துக்கு முன்னால். அன்றிலிருந்து வலதை மட்டும் கழற்றிவிட்டு, வீட்டிலும் சந்தைக் கடையிலும் ஒற்றைச் செருப்போடுதான் நடமாட்டம். லதீபா மகள் நிஹ்லாவின் பள்ளிக்கூட அடிமட்டத்தைக் கொண்டுவந்து அந்தச் செருப்பின் தடிப்பை அளந்தாள். சரியாக இரண்டு சென்ரிமீற்றர். மருமகன், உடனே சிவரூபிக்குப் போன் போட்டு என் காலை வெட்டவேண்டாம் என்று சொல். நான் போட்டால் எடுக்கமாட்டாள். உன் ஸ்கிரிப்டுக்கும் என் சலாம்.