டப்பாக்காரரும் அவருடைய தேங்காயும்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு மிஷினை 'வாங்க, போங்க' என்று மரியாதை கொடுத்து வேலை வாங்கிய மனிதர் ஒருவரே ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டிக்குக்கூட 'ங்க' போடுகிறவர்கள் உண்டு. ஆனால் பதினாறு ரப்பர் கட்டைகள் உள்ள ஒரு பழைய சாம்பிளர் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடாயிட்டீங்களே, இருங்க, ஃபேன் போடச் சொல்றேன்" என்று சொன்னவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர்தான் டப்பாக்காரர்.

அந்தப் பெயரை வைத்தவன் நான். பாசத்தில் அல்ல, வயிற்றெரிச்சலில் வைத்தேன். ஒரே வாரத்தில் அவர் அதைத் தன் மொபெட்டின் முன்பக்கம் சிவப்பு பெயிண்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். "நல்ல பேருங்க தம்பி. ஜனங்க மறக்க மாட்டாங்க" என்றார். நாம் திட்டியதற்கு ஒருவர் நன்றி சொன்னால் வருகிற கோபம் தனி ரகம். அதற்கு மருந்து கிடையாது.

சாம்பிளர் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எந்தச் சத்தத்தையும் பிடித்து அதற்குள் போட்டு வைக்கலாம். கட்டையைத் தட்டினால் அந்தச் சத்தம் வரும். டப்பாக்காரருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. அந்த வேலை போக மீதி நேரமெல்லாம் சத்தம் பிடிப்பார். கிரைண்டர் கல் சுற்றுகிற சத்தம், கண்டக்டர் விசில், விசைத்தறி என்று எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ராஜா தேங்காய்தான்.

ஆனைமலையில் சொந்தக்காரர் தோப்பில் மூன்று நாள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மரத்தடியில் மைக்கோடு உட்கார்ந்து, ஈர மண்ணில் தேங்காய் விழுகிற சத்தத்தைப் பிடித்து வந்தார். ஆளை ஏற்றிப் பறித்துப் போடச் சொன்னால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்குமே என்று கேட்டேன்.

"அது தள்ளி உட்ட சத்தமுங்க தம்பி. இது தானா மனசு வெச்சு உழுகோணும்."

சிரித்தேன். பிறகு ஒரு பாட்டுக்குள் அந்தத் தேங்காயைக் கேட்டேன். அடிவயிற்றில் 'தும்' என்று இறங்கியது. அன்றைக்குப் பிடித்த பொறாமை இன்னும் விடவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணபதியில் ஒரு பேக்கரிக்கு மேல் இரண்டு அறை ஸ்டுடியோ என்னுடையது. அம்மன் பாட்டு, மசாலாப் பொடி விளம்பரம், பள்ளி ஆண்டு விழா என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் இசை கட்டிக் கொடுப்பேன். என் சாஃப்ட்வேரில் ஆயிரக்கணக்கான டிரம் சத்தங்கள் இருக்கின்றன. லண்டன் ஹாலில் பதிவு செய்தவைகூட உண்டு. இதையெல்லாம் வைத்து நான் ராத்தூக்கம் கெட்டுக் கட்டிய பாட்டைக் கேட்டுவிட்டு, வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"நல்லாருக்குதுங்க. டப்பாக்காரர் வாசிச்சதுங்களா?"

ஆமாம் என்றால் அவருக்குப் பெருமை. இல்லை என்றால், "அதான பாத்தேன், என்னமோ கொறையுதேன்னு" என்பார்கள்.

பாதிப் பாட்டுக்கு அவரைத்தான் தாளம் வாசிக்கக் கூப்பிட வேண்டியிருக்கும். அவரோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமும் இல்லை. பெட்டியின் தாளம் என் கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டுமென்றால், இரண்டும் ஒரே நொடியில் கிளம்பி ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் ஒரு கேபிள் போட்டு, ஒன்றை முன்னே போகச் சொல்லி மற்றதைப் பின்தொடரச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் முன்னே, பெட்டி பின்னே என்பதுதான் என் ஸ்டுடியோவின் சட்டம். டப்பாக்காரருக்கு அது பொறுக்காது; ஒவ்வொரு தடவையும் பெட்டியை முன்னே போகும்படி வைத்துத்தான் கொண்டுவருவார்.

"அவுங்க வயசுல மூத்தவுங்க தம்பி. கம்ப்யூட்டரு நேத்து வந்தது. மூத்தவுங்கள பின்னால வரச் சொல்றது நல்லாருக்குங்களா?"

"என்ற ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர்தானுங்ணா முன்னால போகும்" என்பேன். அவர் பெட்டியைத் தடவிக்கொடுத்து, "இன்னிக்கு ஒரு நாளைக்குப் பொறுத்துக்குங்க" என்று சொல்லிப் பின்னால் வரும்படி மாற்றுவார். பத்து வருஷமாக அந்த ஒரு நாள் முடியவில்லை.

ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எட்டுச் சத்தம் என்றால் பாட்டு எட்டுத் தடவை முழுசாக ஓடும். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் எண்ணிக்கைக்காக நாலு தட்டு காலியாக இருக்கும். எது எந்தச் சத்தம் என்று குறித்துக்கொள்ள அதில் பேச ஒரு மைக் வைத்திருந்தேன். அவர் அந்த மைக்கில், "இது தேங்காயிங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு, உடனே குனிந்து பெட்டியிடம், "போலாமுங்களா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு கணம் விட்டுவிட்டு நிமிர்வார். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. ஸ்டுடியோ என்னுடையது, பாட்டு என்னுடையது, அனுமதி மட்டும் பெட்டியினுடையது. அந்தப் பெட்டியின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது.

அப்போதுதான் கொடுமுடியிலிருந்து சுகந்தி அக்கா வந்தார். கோயில் விசேஷங்களில் பாடுகிறவர். ஓர் அம்மன் பாட்டு கொடுத்து, இது மனசுக்குப் பிடித்தால் தன் பத்துப் பாட்டின் இசை வேலையையும் எனக்கே தருவதாகச் சொன்னார். எனக்குள் ஒரு வைராக்கியம். இந்த ஒரு பாட்டிலாவது, 'யார் வாசிச்சது?' என்ற கேள்விக்கு என் பெயர் பதிலாக இருக்க வேண்டும்.

எனவே திருடினேன். வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. பழைய பதிவுகளிலிருந்து அவருடைய தேங்காயையும் விசிலையும் தறியையும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் தாளத்துக்குப் போட்ட கட்டங்களில் மயிரிழை பிசகாமல் ஒட்டினேன். அவரைக் கூப்பிடவில்லை.

சுகந்தி அக்கா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஒரு தப்பும் இல்லீங்க. ஆனா காலு ஆட மாட்டேங்குதுங்களே" என்றார். பிறகு, நான் பயந்தது போலவே, "அந்த டப்பாக்காரர் ஊர்ல இல்லீங்களா?"

வேறு வழியில்லாமல் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அரிசிப் பையில் பெட்டியைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். பாட்டைப் போட்டேன். மூன்றாவது தட்டிலேயே தன் தேங்காயை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் காது சுட்டது. இரண்டு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பாட்டு முடிகிற வரை கேட்டார். "நல்லாத்தான் உழுகுதுங்க தம்பி" என்றார். "என்ன, உழுகறதுக்கு முன்னாடி ஒரு துளி நேரம் மரத்துல தொங்கோணும். அவசரப்படுத்திப்போட்டீங்க."

அவ்வளவுதான். பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

அவமானத்தில் எனக்கு ஒரு நல்ல புத்தி வந்தது. அவர் குனிந்து கேபிள் சொருகிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல், கம்ப்யூட்டர் பெட்டியைப் பின்தொடரும்படி மாற்றி வைத்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக.

இருவரும் தயாரானோம். அவர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நான் கம்ப்யூட்டரை அழுத்தினேன். அதுவும் கம்மென்று நின்றது. கேபிளை மாற்றினோம். அதைத் திருப்பிச் சொருகினோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அவர் பெட்டியைத் துடைத்து, "என்னாச்சுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார். சுகந்தி அக்கா கீழே பேக்கரிக்குப் போய் இரண்டு பப்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நாங்கள் அப்படியேதான் நின்றோம்.

கடைசியில் நான்தான் பெட்டியின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தேன். பெட்டி, கம்ப்யூட்டர் கிளம்பட்டும் என்று காத்திருந்தது. அவரும் எனக்குச் சொல்லாமல் அதைப் பின்னால் வரும்படி மாற்றி வைத்திருந்தார்.

"ஏனுங்ணா, பெட்டிய எப்பப் பின்னால போட்டீங்க?"

"நீங்க மனசு வாடிப்போயி நின்னீங்க தம்பி. நம்மாள அதுல ஒரு சண்டை வேண்டாம்னுதான்... அதுசரி, நீங்க எப்ப மாத்துனீங்க?"

கல்யாண வீட்டுப் பந்தி வாசலில், "நீங்க போங்க" "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று இரண்டு பங்காளிகள் வழியை அடைத்து நிற்பது போல, எங்கள் மிஷின்கள் இரண்டும் முக்கால் மணி நேரமாக நின்றிருக்கின்றன. அது தெரிந்த பிறகாவது திருந்தினோமா? "அப்பக் கம்ப்யூட்டரே போகட்டுமுங்க" என்றார் அவர். "அதெப்படீங்ணா, மூத்தவுங்க போகட்டும்" என்றேன் நான். சுகந்தி அக்காதான் எழுந்தார்.

"ஏனுங்க, யாராச்சும் ஒருத்தர் போங்க. நான் ஊட்டுக்குப் போவோணும்."

பெட்டி முன்னே போனது. கம்ப்யூட்டர் பின்னால் வந்தது. தேங்காய் ஒரு துளி நேரம் தொங்கி விழுந்தது. சுகந்தி அக்காவின் கால், கேட்காமலேயே ஆட ஆரம்பித்தது. பத்துப் பாட்டும் எனக்கே கிடைத்தன. பாட்டைக் கேட்கிறவர்கள் இன்றைக்கும், "டப்பாக்காரருங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிகிறது. திருந்திவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்தப் பாட்டை முடித்துக் கொடுக்கும்போது, வழக்கம்போல ஒவ்வொரு பதிவின் முன்னாலும் இருந்த அவர் குரலை வெட்டிக்கொண்டே வந்தேன். தறி, விசில், கிரைண்டர் எல்லாவற்றிலும் அதே "போலாமுங்களா?"தான். தேங்காயில் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது. பதிவின்போது பொத்தானிலேயே கண்ணாக இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

"போலாமுங்களா தம்பி?"

அதை மட்டும் வெட்டி எறியவில்லை. தனியாக வைத்திருக்கிறேன். லண்டன் டிரம்களோடு நான் ஒண்டியாக வேலைக்கு உட்காரும் நாட்களில் முதலில் அதைத்தான் போடுவேன். அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "போலாமுங்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.