புல்வெட்டும் வண்டியை வாங்க வருகிறவர்

இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபடும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். அடுப்படியில் மனைவி இருந்தாள்.

எல்லாம் என் புல்வெட்டும் வண்டியால் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடித்து ராஜா மாதிரி ஓட்டுகிற வண்டி. வயதாகிவிட்டது. பெட்ரோலைவிட ஆயிலை அதிகம் குடித்து, தெருவே இருமும்படி நீலப் புகை விட்டது. பிறகு கொட்டகையில் படுத்துவிட்டது. "சரி பண்ணுங்க" என்பாள். "பண்றேன்" என்பேன். ஒழுகுகிற வாஷிங் மெஷினுக்கும் அதே பதில்தான். குடும்பம் நிம்மதியாகவே போய்க்கொண்டிருந்தது.

அன்று டீயை நீட்டியபடியே சொன்னாள்.

"வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வர்றாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டா 'பண்றேன்'னு சொல்வீங்க."

"அதுக்குள்ள அது ஓடிட்டா?"

"ஓடினா ஏன் குடுக்கறேன்? அது எங்க ஓடப் போகுது!"

மகள் சின்னக் குழந்தையாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது. புல் வெட்டி முடித்ததும் கத்தியை நிறுத்திவிட்டு, மகளை மடியில் வைத்து அந்த வண்டியில் ஒரு சுற்று வருவேன். பாதிச் சுற்றில் தூங்கிவிடுவாள். எழுப்ப மனசு வராமல், பெட்ரோல் தீரும்வரை தோட்டத்தையே சுற்றுவேன். மனைவி ஜன்னலில் நின்று சிரிப்பாள். இப்போது மகளுக்கே ஒரு மகள். இருப்பதோ தூரத்து ஊர். அந்த நாட்களை யாரோ ஒருவன் வந்து ஓட்டிக்கொண்டு போவதா?

அன்றே இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங்குகள் தேய்ந்து, அந்த இடுக்கில் ஆயில் ஏறி எரிந்திருக்கிறது. விசிறி மூடியைக் கழற்றினால், காய்ந்த புல்லுக்கு நடுவே மகளின் மஞ்சள் ரிப்பன்! தொலைத்ததற்காக நான்தான் அவளைத் திட்டினேன். ரிப்பனைத் தட்டித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உதிரிபாகக் கடைக்காரர் நான் வாய் திறப்பதற்கு முன்பே சரியான ரிங்குகளை எடுத்து வைத்தார். நமக்கு இருக்கிற மரியாதை அப்படி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வாரம் முழுக்கக் கொட்டகையே கதி. மனைவி டீயோடு எட்டிப் பார்ப்பாள்.

"வாங்க வர்றவங்களுக்காகவா துடைக்கிறீங்க?"

"ஆமா" என்று பல்லைக் கடித்தேன்.

ஞாயிறு காலை இன்ஜின் உறுமியது. துளிப் புகை இல்லை! வருகிறவனை விரட்டிவிட வண்டியை நேரே வாசல் கேட்டுக்கு ஓட்டினேன். ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது என் மகள். பின்னாலேயே பேத்தி.

"தாத்தா! பாட்டி எனக்குக் குடுக்கறேன்னு சொன்ன வண்டி இதுதானா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"இவங்க வர்றதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா 'பண்றேன்'னு சொல்லியிருப்பீங்க. ரிங்கு சரியா இருந்துச்சா? போன மாசமே கடையில சொல்லி வெச்சேன்."

கத்தியை நிறுத்திவிட்டு பேத்தியை மடியில் வைத்தேன். பாதிச் சுற்றில் தூங்கிவிட்டாள். ஜன்னலில் மனைவி, பக்கத்தில் மகள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது; புகை என்று சொல்லவும் வழியில்லை.

ஜன்னலைக் கடக்கும்போது மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, நாளைக்கு வாஷிங் மெஷினை வாங்க ஒருத்தர் வர்றாங்க!"

யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.